அண்ணிக்குப் பிடிக்காத இசைத்தட்டு

என் அண்ணியை எல்லோரும் மதகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றின் இடதுகரையில் இருக்கும் வெள்ளமதகுக்கு அவள்தான் ஆள். மதகை இயக்குகிற மதகு வீட்டுக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அண்ணனுக்கு லேத்துப் பட்டறையில் வேலை. நான் ஆற்றைத் தாண்டி டவுனில் ஒரு மருந்துக்கடையில் இருந்தேன். கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டோடு வந்தவள் நான். "இனிமே மதகுல மட்டுமில்ல, வீட்லயும் ஒரு ஷட்டர் போட்டு வச்சுக்கணும்" என்று முதல் நாளே அண்ணி சிரித்துக்கொண்டு சொன்னாள். அதில் பாதிதான் விளையாட்டு.

அந்த மதகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆறு கரை தொட்டு ஓடினால் முதலில் ஆபத்து வலதுகரையில் இருக்கும் டவுனுக்கு. கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். அப்போது இடதுகரை மதகைத் திறந்தால் வெள்ளத்தில் ஒரு பங்கு இந்தப் பக்கத்துப் பள்ளத்தில் பாயும், ஆறு கொஞ்சம் இறங்கும். மதகு கட்டிய காலத்தில் பள்ளத்தில் கோரைப்புல்லைத் தவிர எதுவும் இல்லையாம். பிறகு செங்கல் சூளை வந்தது. சூளைக்கு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எங்காவது படுக்க வேண்டுமே, தகரக்கூரைகள் வரிசை வரிசையாக முளைத்தன. மதகு மட்டும் அப்படியே இருந்தது. திறக்கும்படியான மழை வருஷக்கணக்கில் வரவில்லை. அண்ணி தவறாமல் கிரீஸ் போடுவாள். பள்ளத்துப் பெண்கள் மதகின் கைப்பிடிச் சுவரில் துணி காயப்போடுவார்கள். பத்து வார்த்தை அவளிடம் பேசாமல் துணியை எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள்.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. அதே வாரத்தில்தான் அண்ணன் அந்த இசைத்தட்டை வாங்கி வந்தான்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் நடைபாதையில் பழைய சாமான் பரப்பி விற்பார்கள். அண்ணன் அங்கே போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டான். வீட்டிலிருந்த ரெக்கார்டு பிளேயரே அங்கே பிணமாகக் கிடந்ததை எடுத்துவந்து, தேய்ந்த பாகத்தை லேத்தில் கடைந்து போட்டு உயிர் கொடுத்ததுதான். தட்டின் அட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்திருக்கும் ஒரு வயதான கறுப்பர். தொப்பி நிழலில் பாதி முகம் தெரியவில்லை. அட்டை நடுவில் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம். மூலையில் ஒரு பெயர் எழுதி, அதை வேறு மையால் அடித்து, பக்கத்தில் இன்னொரு பெயர்.

அண்ணி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாரு இவரு?"

"பாடறவரு."

"பாடறவர் மாதிரி தெரியலையே. பல் பிடுங்க வந்து உக்காந்திருக்கற மாதிரி இருக்கு."

முள்ளை வைத்ததும் முதலில் பொரிகிற சத்தம். பிறகு ஒரு கிடார், ஒரு குரல், தரையில் ஒரு காலின் தட்டல். அவ்வளவுதான். கிடார் தந்தியின் மேல் உடைந்த பாட்டில் கழுத்தை மாட்டி இழுப்பார்களாம். அதனால் கிடாரும் ஆள் மாதிரியே முனகியது. அந்தப் பெரியவர் பாடிய சுரமும் நேராக நிற்கவில்லை. பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ வழுக்கிக்கொண்டு போனது.

"இதுக்குப் பேரு ப்ளூஸ்" என்றான் அண்ணன். "நீலம். மனசு கனத்துக் கிடந்தா அவங்க அப்படித்தான் சொல்வாங்களாம்."

"நம்ம வீட்ல அதுக்குப் பேரு மாசக்கடைசி" என்றாள் அண்ணி.

அந்தப் பாட்டில் ஒரு வரியைப் பாடிவிட்டு, அதே வரியை மறுபடியும் பாடுவார். மூன்றாவதாக ஒரு வரி வந்து முதலிரண்டுக்கும் பதில் சொல்லும். இது அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ரெண்டாவது தடவை சொல்றப்பதான் நிஜமாவே அப்படி நடந்துச்சுனு நம்பத் தோணுது, கவனிச்சியா?" என்று என்னிடம் கேட்டான். இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டு வந்தது. ஒரு வரி, மறுபடி அதே வரி. மறுபடியும். மறுபடியும். அண்ணன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே இருந்தான். "பாவம், ரொம்பத்தான் கஷ்டப்பட்டிருக்கார்" என்று நானும் சொன்னேன். அண்ணிதான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "தட்டு கீறல் விழுந்து மாட்டிக்கிச்சு. அது தெரியாம ரெண்டு பேரும் துக்கம் கேட்டுக்கிட்டு இருக்கீங்க" என்றாள்.

அவளுக்கு அந்தத் தட்டு பிடிக்காததற்குக் காரணம் இசை அல்ல. மழைக்காலத்தில் அவளுடைய ஒரு காது எப்போதும் ஆற்றின் மேல் இருக்கும். பேசிக்கொண்டிருப்பாள், திடீரென்று கையை உயர்த்துவாள், எல்லோரும் வாயை மூடவேண்டும். தண்ணீர் மதகுத் தூணில் மோதும் சத்தம் மாறியிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனிதர் முனகிக்கொண்டே இருந்தால் எப்படி? "நிறுத்துங்க, ஆறு கேக்கல" என்பாள். அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிறுத்துவான். தட்டு நின்ற பிறகு ஆற்றின் சத்தம் முன்பைவிடக் கிட்டத்தில் இருப்பதுபோல் எனக்குத் தோன்றும். அந்த மாதம் முழுக்க வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை.

அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு கதையே இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அண்ணன் அதை வரிவரியாகப் படித்து எங்களுக்குச் சொன்னான். கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பாடியது இது. அடிமைத்தனம் சட்டத்தில் ஒழிந்தது. ஆனால் நிலம் பழைய முதலாளியிடமே இருந்தது. அவர்கள் பங்குக்குப் பருத்தி போட்டார்கள். விதையும் மாவும் முதலாளியின் கடையிலேயே கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால், எத்தனை மூட்டை பருத்தி எடுத்தாலும் கடன் மட்டும் தீராது. வயலில் ஒருவன் தனியாகக் கூவுவான், எங்கோ தூரத்து வயலிலிருந்து இன்னொருவன் பதிலுக்குக் கூவுவான். அந்தக் கூவலும் கோயில் பாட்டும் வேலைப் பாட்டும் கலந்து, கையில் ஒரு கிடாரும் கிடைத்ததும் ப்ளூஸ் ஆயிற்று. முதலில் தட்டில் பதிவானவர்கள் பெரிய நகரங்களில் மேடையில் பாடிய பெண்கள். அது நன்றாக விற்கவே, கம்பெனிக்காரர்கள் கிராமங்களில் இந்தப் பெரியவரைப் போன்றவர்களைத் தேடிப் போனார்கள். பிறகு ஜனங்கள் ரயிலேறி வடக்கே ஃபாக்டரி வேலைக்குப் போனபோது பாட்டும் கூடப் போய், அங்கே மின்சாரக் கிடாராக மாறியது.

அண்ணி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்றே தெரியவில்லை.

"இந்தக் கடைசிப் பாட்டு வெள்ளத்தைப் பத்தினது" என்றான் அண்ணன்.

கத்தி நின்றது. "எந்த வெள்ளம்?"

ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாட்டுக்காரருடைய நாட்டின் பெரிய ஆறு பல இடங்களில் கரையை உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. லட்சக்கணக்கான பேருக்கு வீடு இல்லை. ஒரு இடத்தில் கறுப்புக் கூலியாட்களைக் கரைமேலேயே நிறுத்திவைத்து, துப்பாக்கியைக் காட்டி வேலை வாங்கினார்கள். படகு வந்தபோதும் போகவிடவில்லை. இன்னும் கீழே, ஒரு பெரிய நகரத்தைக் காப்பாற்றுவதற்காக, நகரத்தைத் தாண்டி இருந்த கரையை வெடிவைத்து உடைத்தார்கள். தண்ணீர் ஏழைகளின் ஊர்கள் மேல் போனது.

அண்ணி கேட்டாள்: "வெடி வைக்கறதுக்கு முன்னாடி அங்க இருந்தவங்களுக்குச் சொன்னாங்களா?"

அண்ணன் அட்டையை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தான். "சொல்லியிருக்காங்க. வண்டி வச்சு வெளியேத்திட்டுத்தான் உடைச்சாங்களாம். நஷ்டஈடு தர்றோம்னாங்களாம். பெரும்பாலானவங்களுக்குச் சரியாக் கிடைக்கல."

"உத்தரவு போட்டது யாரு?"

"அதெல்லாம் இதுல இல்ல."

"வெடி வச்ச கை யாரோடது?"

"அதுவும் இல்ல. பாடினவர் பேரு மட்டும்தான் இருக்கு."

"ம்" என்றாள். மறுபடி வெண்டைக்காய். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடைசிப் பாட்டைப் போடுங்க, கேப்போம்" என்றாள். வாங்கி வந்ததிலிருந்து அவளாகக் கேட்டது அந்த ஒரு தடவைதான். பாட்டு முடிந்ததும் எழுந்து போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தாள். 

மழை விடவில்லை. இதற்கு நடுவில் பட்டறையில் ஒரு இரும்புத் தண்டைத் தூக்கப்போய் அண்ணனுக்குக் குடல் இறங்கிவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கீழ்த்தள வார்டில் படுக்கவைத்தார்கள். அண்ணியால் மதகை விட்டு நகரமுடியாது. அதனால் நான்தான் காலையும் மாலையும் பாலத்தைத் தாண்டிப் போய்வந்தேன். பக்கத்துக் கட்டிலில் மூச்சிரைப்புக்காரப் பெரியவர் ஒருவர், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. அண்ணன் அவரிடம் இசைத்தட்டைப் பற்றிப் பேசிப் பேசியே அவரைக் களைப்படைய வைத்துக்கொண்டிருந்தான்.

ஆறு கரை தொட்ட அன்று காலையில் நான் வார்டில் இருந்தேன். மணல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் ஒரு நாக்கு மாதிரி நீண்டு வராண்டாவுக்குள் வந்தது. யாரோ துடைப்பத்தால் தள்ளினார்கள். அது திரும்பி வந்தது. கரண்ட் போயிற்று, லிஃப்ட் நின்றது. நர்ஸ் என்னைப் பிடித்து, "உங்க வீடு மதகுப் பக்கம்தான? ஏன் இன்னும் திறக்கல? இத்தனை பேரைப் படியில தூக்கிட்டுப் போக எங்கிட்ட ஆள் இல்ல" என்றாள். அண்ணன் எழுந்து உட்காரப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

நான் ஓடினேன். பாலத்தின் அடியில் ஆறு முட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னாலேயே போலீஸ்காரர்கள் பாலத்தை மூடினார்கள்.

மதகு வீட்டு வாசலில் ஜீப் நின்றது. உள்ளே மதகுக்குப் பொறுப்பான இன்ஜினியரும் அவருடைய டிரைவரும். அண்ணி ஷட்டரைச் சுற்றுகிற பெரிய இரும்புக் கைப்பிடியைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. கைப்பிடி இல்லாமல் ஷட்டர் அசையாது.

"அபாயச் சங்கு ஊதட்டும் சார். ஜனங்க ஏறட்டும். அடுத்த நிமிஷம் திறக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சங்கு வேண்டாம்னு மேல இருந்து உத்தரவு. எத்தனை தடவை சொல்றது?" இன்ஜினியரின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "ஊதினா அத்தனை பேரும் மேல வந்து இந்த ஷட்டர் மேலயே உக்காந்துருவாங்க. வேற இடத்துல அப்படித்தான் ஆச்சு. அப்புறம் யாராலயும் திறக்க முடியாது. மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா திறங்க. தண்ணி வர்றதைப் பாத்து அவங்களே ஏறிடுவாங்க."

"பாக்காதவங்க?"

 வயர்லெஸ் கரகரத்தது. எடுத்து "சார், இதோ சார்" என்றார். வைத்துவிட்டு, குரலை இறக்கினார். "அக்கா, எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. என் பையன் அந்தப் பக்கம் ஸ்கூல்ல இருக்கான். உங்களுக்கு மட்டும்தான் மனசு இருக்குனு நினைக்காதீங்க."

"நினைக்கல சார்."

"அப்ப எழுந்திருங்க." டிரைவரைப் பார்த்தார். "அதை வாங்குய்யா."

டிரைவர் ஆள் பெரிய உடம்பு. அண்ணியைப் பார்த்தார், கைப்பிடியைப் பார்த்தார், கடைசியாக இன்ஜினியரைப் பார்த்தார். "சார், நான் வண்டி ஓட்டத்தான் வந்தேன்" என்றார்.

அப்போதுதான் அண்ணி என்னைக் கவனித்தாள். "உங்க அண்ணன் எப்படி இருக்கார்?"

"வார்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு. லிஃப்ட் இல்ல. திறங்க அண்ணி."

அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. "சங்கு ஊதினதும்" என்றாள்.

"அங்க படுத்திருக்கறது உங்க புருஷன்."

"தெரியும்."

"எழுந்து நடக்கக்கூட முடியாது அவனால."

"தெரியும் பாப்பா." பிறகு இன்ஜினியரிடம் திரும்பி, "அந்தத் தட்டுல சொன்ன ஊர்லகூட, சார், சொல்லி வெளியேத்திட்டுத்தான் வெடி வச்சாங்க. மோசமானவங்கதான். அவங்களே சொல்லிட்டுச் செஞ்சாங்க" என்றாள்.

"எந்தத் தட்டு?" என்றார் இன்ஜினியர், ஒன்றும் புரியாமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே அண்ணன் தண்ணீரில் கிடக்கிறான், இங்கே இவள் நடைபாதையில் வாங்கின ஓட்டைத் தட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். "அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் காரணம்" என்று கத்தினேன். "நீதான். வேற யாரும் இல்ல." அண்ணியை நான் நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 

அந்தப் பார்வையில் ஒன்று விளங்கிவிட்டது. இவள் எழமாட்டாள். இவர்களால் எழுப்பவும் முடியாது. பேசிக்கொண்டே இருந்தால் வார்டில் தண்ணீர்தான் ஏறும். திறக்க வேண்டுமானால் சங்கு ஊதியாக வேண்டும். மதகு வீட்டின் மாடியில் கையால் சுற்றுகிற அபாயச் சங்கு ஒன்று இருந்தது. இரும்பு ஏணியில் ஏறினேன். "ஏய், என்னம்மா பண்றே, இறங்கு" என்று இன்ஜினியர் கீழிருந்து கூப்பிட்டார். "ஊதினா என் வேலைக்கும் சேத்து ஊதின மாதிரிதான்" என்று டிரைவரிடம் சொல்வதும் கேட்டது. ஆனால் இன்ஜினியர் ஏணிப்பக்கம் வரவில்லை. வந்திருந்தால் என்னைத் தடுத்திருக்கலாம்.

சுற்றினேன். முதலில் ஒரு உறுமல், பிறகு அது ஏறி ஏறி ஊர் முழுக்கக் கேட்கிற ஓலமானது. பள்ளத்து ஜனங்கள்மேல் இரக்கப்பட்டு நான் ஊதவில்லை. என் அண்ணனுக்காக ஊதினேன். யாராவது என்னை நல்லவள் என்று சொன்னால் இதைச் சொல்லிவிடுவேன்.

மேலிருந்து எல்லாம் தெரிந்தது. தகரக்கூரைகளின் கீழிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்று கரையைப் பார்த்தார்கள். அப்படியே நின்றார்கள். அந்த நிற்றல்தான் பயங்கரம். பிறகு ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகு எல்லோரும். மூட்டை, பானை, தையல் மெஷின், சைக்கிள் என்று கைக்கு வந்ததோடு கரைமேல் ஏறினார்கள்.

இன்ஜினியர் சொன்னதும் நடக்காமல் இல்லை. சூளை மேஸ்திரியும் நாலைந்து ஆண்களும் கடப்பாரையோடு நேராக மதகுக்கு வந்தார்கள். நான் இறங்கி வருவதற்குள் மேஸ்திரி அண்ணியின் முன்னால் நின்றிருந்தார்.

"திறக்கப்போறீங்களா மதகக்கா?"

"ஆமா. அதுக்குத்தான் ஊதினது."

"உன் வீடா போகுது?"

"என் வீடு போகல. என் வீட்டுக்காரர் அந்தக் கரையில ஆஸ்பத்திரியில கிடக்கறார்."

இதை ஏன் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கக் கூடாது. மேஸ்திரியின் கை கடப்பாரையில் இறுகியது. "ஓ. புருஷனைக் காப்பாத்த எங்களை முழுகடிக்கிறியா?"

டிரைவர் ஓரடி முன்னால் வந்தார். இன்ஜினியர் வயர்லெஸ்ஸை வாய்க்குக் கொண்டுபோய்விட்டுக் கீழே இறக்கினார். 

"அவர் இருந்தாலும் திறப்பேன், இல்லாட்டியும் திறப்பேன்" என்றாள் அண்ணி.  "நீங்க எல்லாரும் ஏறின பிறகு. அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. கடைசி வரிசையில யார் இன்னும் ஏறலைனு பாத்துச் சொல்லுங்க."

மேஸ்திரி திரும்பிக் கீழே பார்த்தார். கடைசி வரிசையில் ஒரு வீட்டுக் கதவு மூடிக்கிடந்தது. அவருடைய மாமனார், இடுப்பு முறிந்து படுத்த படுக்கையாக இருப்பவர், உள்ளே இருந்தார். யாரோ தூக்கி வருவார்கள் என்று இவரும், இவர் தூக்கி வருவார் என்று மற்றவர்களும் நினைத்திருக்கிறார்கள். கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடினார். மற்றவர்களும் ஓடினார்கள்.

அவர்கள் மாமனாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கரையேறும்வரை நாங்கள் நின்றோம். அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வயர்லெஸ் ஓயாமல் கத்தியது. ஒரு கட்டத்தில் இன்ஜினியர் அதை அணைத்துவிட்டார்.

பிறகு அண்ணி எழுந்தாள். கைப்பிடியை மாட்டினாள். அவளும் டிரைவரும் ஒரு பக்கம், இன்ஜினியரும் நானும் மறுபக்கம். பல் பல்லாக ஏறியது ஷட்டர். தண்ணீர் முதலில் கீழே பிதுங்கியது, பிறகு ஒரேயடியாகப் பாய்ந்தது. சத்தத்தில் தரை அதிர்ந்தது. கரைமேல் நின்றவர்கள் யாரும் அழவில்லை. தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மடங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேஸ்திரி மட்டும் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வீடு ஒன்றும் மிஞ்சவில்லை. டவுனில் கடைத்தெருவுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்று இறங்கியது. ஆஸ்பத்திரியில் எல்லோரையும் மாடிக்குத் தூக்கினார்கள். தூக்கிய வேகத்தில் அண்ணனுக்குத் தையல் பிரிந்து சீழ் பிடித்து, ரொம்பநாள் கிடந்தான். பக்கத்துக் கட்டில் பெரியவர் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றும்போது படிக்கட்டிலேயே இறந்துபோனார். தண்ணீர் வராவிட்டாலும் அவருக்கு நாள் குறைவுதான் என்று டாக்டர் சொன்னாராம். அதையெல்லாம் யார் அளந்து பார்ப்பது?

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரித்தார்கள். சங்கு ஊதியது யார் என்று கேட்டபோது "நான்தான்" என்றாள். இன்ஜினியர் அதை மறுக்கவில்லை. டிரைவரும் வாய் திறக்கவில்லை. நான் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு, "ஒரு வீட்ல ஒருத்திக்கு வேலை போனா போதும்" என்றாள். டவுன் கடைக்காரர்களுக்கு அவள் தாமதம் செய்தவள். பள்ளத்து ஜனங்களுக்கு அவள் திறந்துவிட்டவள். மருந்துக்கடையில் என்னிடமே வந்து "உங்க அண்ணி இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்பார்கள். எந்தக் கரைக்காரர் கேட்கிறார் என்று தெரிந்த பிறகுதான் எந்தக் குற்றம் என்று புரியும்.

இறந்த பெரியவரின் மகள் ஒருநாள் வந்தாள். தையல் வேலை செய்பவள், கழுத்தில் அளவு நாடாவைக்கூட எடுக்காமல் வந்திருந்தாள். வாசலிலேயே நின்று, "மதகுக்காரங்க நீங்கதானா?" என்றாள்.

"நான்தான்" என்றாள் அண்ணி.

"கொஞ்சம் முன்னாடி திறந்திருந்தா எங்கப்பா இருந்திருப்பார்."

"இருந்திருக்கலாம்."

அந்தப் பெண் சண்டைக்குத் தயாராக வந்தவள்.  "உத்தரவு லேட்டா வந்துச்சுனு சொல்லுங்களேன்" என்றாள், கிட்டத்தட்ட கெஞ்சுகிற மாதிரி.

"உத்தரவு சீக்கிரமே வந்துச்சு. நான்தான் நிறுத்தி வச்சேன். கேக்கணும்னா எங்கிட்டயே கேளுங்கம்மா. அதுக்கு ஒரு ஆள் வேணும்ல."

உள்ளே படுத்திருந்த அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான். "என்னைத்தான் முதல்ல தூக்கினாங்க" என்றான் அந்தப் பெண்ணிடம். "உங்கப்பா கையைக் காட்டி, இவரை எடுத்துட்டுப் போங்கன்னார். நான் வேண்டாம்னு சொல்லல. எனக்கு வலி."  அந்தப் பெண் உட்கார்ந்தாள். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் அதை வாங்கிக் குடிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கையிலேயே வைத்திருந்துவிட்டு, போகும்போது ஜன்னல் திட்டில் வைத்தாள். பிறகு வரவில்லை.

விசாரணை முடிந்து அண்ணியை மறுபடி வேலையில் எடுத்தார்கள். ஆனால் மதகுக்கு இல்லை. டவுன் எல்லையில் குடிதண்ணீர் பம்ப் ஹவுஸ். கதவு இல்லை, கரை இல்லை. சுவிட்சைப் போட்டால் மோட்டார் ஓடும், அணைத்தால் நிற்கும். இன்ஜினியரையும் எங்கோ மாற்றிவிட்டார்கள். பள்ளத்தில் மறுபடியும் தகரக்கூரைகள் வந்துவிட்டன, அதே இடத்தில். அவர்களுக்கு வேறு இடம் யார் கொடுத்தார்கள்? நஷ்டஈடு பாதிப் பேருக்கு வந்தது. மேஸ்திரிக்கு வந்ததா தெரியாது. வழியில் பார்த்தால் அவர் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

புது குவார்ட்டர்ஸில் ஆற்றுச் சத்தம் இல்லை. அண்ணன் இஷ்டத்துக்குத் தட்டுப் போடலாம். போடுகிறான். அண்ணிக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடிக்காத ஒரு மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பதுபோல் அதோடு இருக்கப் பழகிக்கொண்டாள். மழை வந்தால் மட்டும் படுக்கமாட்டாள். எழுந்து உட்கார்ந்து, கேட்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நான் அன்று கத்தியதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஹவுஸ் வாசலில் உட்கார்ந்து நான் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அவளாகத்தான் ஆரம்பித்தாள்.

"நீ அன்னிக்குச் சொன்னது தப்பில்ல பாப்பா."

"எது?"

"எதுனு உனக்குத் தெரியும்."

சீப்பு என் கையில் நின்றது. மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று யோசித்தேன். கேட்டால் பொய்யாகிவிடும். அன்றைக்கு மறுபடியும் அந்த அறையில் நின்றால் மறுபடியும் கத்துவேன். "உங்களுக்கும் எனக்கும் அவன் ஒருத்தன்தான அண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா" என்றாள்.  பிறகு தலையை ஆட்டி, "சிக்கு இருக்கு, மெதுவா இழு" என்றாள். நான் மெதுவாக இழுத்தேன்.